அண்ணிக்கு ஒரு நாய்

பெங்களூருக்குப் போகிற காலை ரயில் மாலூர் தாண்டியிருக்கும். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் அரைத் தூக்கத்தில் இருந்தேன். போன் அடித்தது. பார்த்தால் கஸ்தூரி. ஊரிகம் ஸ்டேஷன் வாசலில் இட்லிக் கடை போட்டிருப்பவள். இப்போதுதானே அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வண்டி ஏறினோம், அதற்குள் எதற்குக் கூப்பிடுகிறாள் என்று யோசித்தபடியே எடுத்தேன்.

"அக்கா, வண்டியிலயா கீறீங்க? ஒங்க வூட்டு டீச்சரம்மா இங்க பிளாட்பாரத்துல உக்காந்துகினு கீறாங்க. நாயும் கூடவே கீது. எங்க போறீங்கன்னு கேட்டா பதிலே வரல. நான் டீ குடுத்து உக்கார வச்சிருக்கேன். சீக்கிரம் வாங்க."

அவள் டீச்சரம்மா என்றது ரோஸ்லின் அண்ணியை. என் கணவர் டேனியலின் அக்கா. அந்த நேரத்தில் நந்திதுர்க்கில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டில், உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டியவர். நாய் என்றது, அவருக்குத் துணையாக இருக்கட்டும் என்று நாங்கள் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த நாய்.

டேனியல் அடுத்த பெட்டியில் தன் கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் போன் போட்டேன். இருவரும் வொயிட்ஃபீல்டில் இறங்கி, எதிர் வண்டிக்காக நின்றோம். காலையில் பெங்களூரிலிருந்து எங்கள் ஊர்ப் பக்கம் போகிற வண்டியில் கூட்டமே இருக்காது. இத்தனை வருஷத்தில் அந்த நேரத்தில் அந்தத் திசையில் நாங்கள் போனதே இல்லை. அத்தனை காலி இருக்கைகள் இருந்தும் நான் கதவோரமே நின்றுகொண்டு வந்தேன்.

டேனியல் வழியெல்லாம் ஒன்றுதான் சொன்னார். "எல்லாம் அந்த நாயால வந்தது."

எனக்கும் நாய்க்கும்

எனக்கு நாய் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் ரயில் பெட்டித் தோழிகளைப் பற்றி எழுதியபோது, போகிற போக்கில் "எங்கள் வீட்டு நாய்" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள், என்ன ஜாதி, என்ன பெயர், என்ன சாப்பாடு என்று கேட்டிருக்கிறார்கள். நாய்ப் பிரியை என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

சின்ன வயதில் மைன் ஆபீசர் ஒருவர் பங்களாவுக்கு எங்கள் அப்பா என்னை ஒரு சாவி கொடுத்துவிட்டு வரச்சொல்லி அனுப்பினார். கேட்டைத் திறந்ததும் கன்றுக்குட்டி உயரத்தில் இரண்டு நாய்கள் ஓடிவந்தன. நான் போர்ட்டிகோ சுவரில் ஏறி நின்றுகொண்டேன். பட்லர் வந்து கூப்பிடும்வரை அவை கீழே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. கடிக்கவில்லை, குரைக்கவுமில்லை. இறங்கினால் பார்த்துக்கொள்ளலாம் என்று பொறுமையாக நின்றன. அந்தப் பொறுமைதான் இன்றுவரை எனக்குப் பயம்.

அப்படிப்பட்டவள் நாய் தேடி அலைந்தேன் என்றால், வேறு வழியில்லை என்று அர்த்தம்.

அண்ணி முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ்ப் பள்ளியில் டீச்சராக இருந்தவர். பிள்ளைகள் எல்லாம் இங்கிலீஷ் மீடியத்துக்கும் கன்னட மீடியத்துக்கும் போய்விட, பள்ளியில் கடைசியாக மிச்சமிருந்தது ஒரு வகுப்புப் பிள்ளைகள்தான். அண்ணி ரிட்டயர் ஆன கையோடு பள்ளியையும் மூடிவிட்டார்கள். அவர்கள் அப்பா சுரங்கத் தூசியில் நுரையீரல் போய்ச் செத்தபோது டேனியலுக்கு விவரம் தெரியாத வயது. அவரை வளர்த்ததும், படிக்க வைத்ததும், எனக்குக் கட்டி வைத்ததும் அண்ணிதான். தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது அதைத் தியாகம் கியாகம் என்று பேசினால் அண்ணிக்குக் கெட்ட கோபம் வரும். "எனக்குப் புடிக்கல, பண்ணிக்கல. ஒனக்கின்னா?" என்பார்.

அவருக்கு என்னவோ ஆகிறது என்று முதலில் தெரிந்தது சர்ச்சில். ஞாயிறு ஆராதனையில் பாடம் வாசிக்கப் போனவர், ஒரே வசனத்தை மூன்று முறை வாசித்தார். சபை அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. டீச்சராயிற்றே, அழுத்திச் சொல்கிறார் என்றே எல்லாரும் நினைத்தோம். நான்காம் முறையும் அதே வரியில் ஆரம்பித்தபோது டேனியல் எழுந்துபோய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். "இது குறையாது, மெதுவாகப் போக வைக்கலாம். தனியாக மட்டும் விடாதீர்கள்" என்றார். தனியாக விடாமல் எப்படி இருப்பது? டேனியல், நான், எங்கள் மகன் ஜெஃப்ரி, மூன்று பேருக்கும் பெங்களூரில் வேலை. விடியுமுன் கிளம்பினால் வீடு திரும்ப இருட்டிவிடும். எங்கள் லைனில் எல்லா வீடும் இப்படித்தான். பகலில் அங்கே பென்ஷன்காரர்களும் கோழிகளும்தான் இருப்பார்கள்.

ஒரு பெண்ணை வேலைக்கு வைத்துப் பார்த்தோம். அண்ணி தினமும் மத்தியானம் அவளிடம், "பெல் அடிச்சாச்சு, வூட்டுக்குப் போ" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அவளும் நல்ல பிள்ளையாகப் போய்விடுவாள். ஒரு மாதம் கழித்துத்தான் எங்களுக்கே தெரிந்தது.

ரயில் பஞ்சாயத்து

எங்கள் ஊரில் குடும்ப முடிவுகளை யாரும் வீட்டில் எடுப்பதில்லை. வீட்டில் விழித்திருக்கிற நேரம் குளிக்கவும் சாப்பிடவுமே சரியாக இருக்கும். கல்யாணம், காதுகுத்து, வீடு வாங்குவது, விவாகரத்து எல்லாம் ரயிலில்தான் முடிவாகும். ஒரு நாய் விஷயம் மட்டும் தப்புமா?

"ஷெப்பர்டு வாங்கு, திருடன் கிட்டயே வரமாட்டான்" என்றாள் ஒருத்தி. "லாப்ரடார் வாங்கு, கொழந்த மாதிரி. ஆனா ரெண்டு ஆளு சோறு துன்னும்" என்றாள் இன்னொருத்தி. ஜெஃப்ரி வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்து அபார்ட்மென்ட்டில் யாரோ வெளிநாடு போகிறார்களாம், ஹஸ்கி நாயைச் சும்மாவே கொடுக்கிறார்களாம்.

"சூப்பரா இருக்கு மம்மி, கண்ணு நீலம்."

"அதுக்கு ஏசி யாரு போடறது? நீயா?" என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எங்கள் பெட்டியில் பிலோமினா என்று ஒரு தோழி. வீட்டில் எப்போதும் நாய் வளர்ப்பவள். அவள்தான் கடைசியில் சொன்னாள்.

"குட்டி மட்டும் எடுக்காத கிரேஸு. குட்டிக்கு நாள் பூரா ஆள் வேணும், ஒங்க வூட்ல ஏது ஆளு? வளந்த பொட்ட நாயாப் பாரு. ஆபரேஷன் பண்ணதா இருக்கணும். ரொம்பப் பெருசு வேணாம், மேல தாவுச்சின்னா டீச்சர் வுழுந்துடுவாங்க. ரொம்பக் கொலைக்கறதும் வேணாம். ஒங்க லைன்ல ஒரே சுவரு, பக்கத்து வூட்ல சண்ட புடிப்பாங்க."

அவளுக்குத் தெரிந்தவர் பேத்தமங்களா பக்கத்தில் இருந்தார். நாராயணப்பா என்று பெயர். அவருடைய தகப்பனார் படுத்த படுக்கையாக இருந்து போனபின், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கோலாருக்குக் குடிபோகிறார். அவர் வீட்டு நாய்க்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"போய்ப் பாரு, புடிச்சா எடு" என்றாள் பிலோமினா. வண்டி கே.ஆர்.புரம் வந்துவிட்டது, பாதிப் பேர் இறங்கினார்கள்.

"லேட்டா வந்திருக்க"

ஞாயிறு ஆராதனை முடிந்து, அண்ணியையும் கூட்டிக்கொண்டு போனோம். ஏரிக்கரை வழியாகப் போனபோது அண்ணி தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் ஊரே குடித்து வளர்ந்த தண்ணீர் அது. "பாதி கூட இல்ல" என்றார். அன்று முழுக்க அவர் பேசியதில் தெளிவானது அதுதான்.

நாராயணப்பா வீட்டில் மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு கயிற்றுக் கட்டில் வெறுமனே கிடந்தது. அதன் கீழே நாய் படுத்திருந்தது. செம்மண் நிறம், குட்டை முடி, ஒரு காது மடிந்தது, ஒரு காது நிமிர்ந்தது. நாட்டு நாய்தான். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவுமில்லை, வாலாட்டவுமில்லை.

நான் ஆபீஸ் புத்தியோடு கேள்வி கேட்டேன். கடிக்குமா? ராத்திரியில் கத்துமா? வெளிக்குப் போகணும் என்றால் தானே சொல்லுமா? என்ன சாப்பிடும்? சொன்ன பேச்சுக் கேட்குமா? புது இடத்தில் ஓடிப்போகுமா?

நாராயணப்பா தெலுங்கும் தமிழும் கலந்து பதில் சொன்னார். "லேதம்மா, கடிக்காது. எங்க நாயினாவோட இருந்து பழகினது. அவரு எழுந்தா எழுந்துக்கும், அவரு படுத்தா படுத்துக்கும். ராகி முத்தையும் சாறும் போதும்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணி போய் அந்தக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நாய் கட்டிலடியிலிருந்து வெளியே வந்தது. அவருடைய கையை மோந்து பார்த்தது. பிறகு காலடியில் உட்கார்ந்தது.

அண்ணி அதைக் கண்டிப்போடு பார்த்தார். "லேட்டா வந்திருக்க. சரி, உள்ள வா" என்றார்.

டேனியல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அக்காவின் அந்தக் குரலைக் கேட்கிறார். நாய் வாங்குவது பற்றி அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

விடுமுறை வீடு

அது கிறிஸ்துமஸ் சமயம். ஜெஃப்ரி வீடியோ வீடியோவாகப் பார்த்து வைத்திருந்தான். புது வீட்டில் நாய் பழக வேண்டும் என்றால் முதல் நாட்களில் வீட்டார் கூடவே இருக்க வேண்டுமாம். மூன்று பேரும் ஒன்றாக லீவு போட்டோம். அலுவலகத்தில் "நாய்க்கு லீவா?" என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எல்லாம் முறையாகத்தான் செய்தோம். கட்டிலடியில் கிடந்த பழைய சாக்கை நாராயணப்பாவிடம் கேட்டு வாங்கி வந்து, அண்ணி படுக்கும் அறையின் மூலையில் விரித்தோம். முதலில் ராகிக் களி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு. நாளுக்கு நாலு தடவை வெளியே கூட்டிப்போனோம். கேரல் பாட வந்த கூட்டம் டிரம் அடித்தபோது கட்டிலடியில் போய்ப் புகுந்துகொண்டது, ஒருவரும் இழுக்கவில்லை, தானே வெளியே வந்தது. வீடெல்லாம் கேக் வாசனை, விருந்தாளிகள், பேச்சு. புது வருஷ ஆராதனைக்குள் நாய் எங்கள் எல்லாரிடமும் ஒட்டிக்கொண்டது. ஜெஃப்ரி ப்ரௌனி என்று பெயர் வைத்தான்.

லீவு முடிந்த திங்கட்கிழமை நாங்கள் மூன்று பேரும் இருட்டில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கியபோது, நாய் அப்படியே திகைத்து நின்றது. நாங்கள் அதற்குக் காட்டிப் பழக்கியது ஆள் நிறைந்த வீடு. எங்கள் வீடு அப்படிப்பட்ட வீடே இல்லை. வருஷத்தில் சில நாள்தான் அப்படி இருக்கும். தினமும் ரயிலேறுகிற ஜனங்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு வீடு என்றாலே லீவு நாள்தான், வேலை நாளில் வீடு எப்படி இருக்கும் என்று எங்களுக்கே தெரியாது.

அந்த வாரம் முழுக்க அது ஸ்டேஷன்வரை எங்கள் பின்னாலேயே வந்தது. டேனியல் கல்லெடுப்பதுபோல் குனிந்து குனிந்து விரட்டுவார். வண்டி கிளம்பும்வரை தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். பகலில் ஊளையிடுகிறது என்று பக்கத்து வீட்டில் புகார் சொன்னார்கள். அடுத்த வாரம் பின்னால் வருவது நின்றது. ஊளையும் நின்றது. பழகிவிட்டது என்று நிம்மதியானோம்.

ஆஜர்

அதற்குப் பிறகு வந்த சில வாரங்களைப் பற்றி நான் நிறைய எழுத ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அவை நல்ல வாரங்கள்.

அண்ணி ஒருநாளும் அதை ப்ரௌனி என்று கூப்பிடவில்லை. தன்னிடம் படித்த பிள்ளைகள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். ஒருநாள் ஆரோக்கியராஜ். ஒருநாள் முனியம்மா. ஒருநாள் வரிசையாக ஒரு வகுப்பையே கூப்பிடுவார். எந்தப் பெயருக்கும் அதன் வால் ஆடும். வகுப்பு முழுக்க ஆஜர்.

வேலை முடிந்து நாங்கள் உள்ளே நுழைந்ததும் ரிப்போர்ட் வரும். "முனியம்மா இன்னிக்கு ஒழுங்கா துன்னா. வெளிய போய் காலெல்லாம் வெள்ளையாக்கிகினு வந்தா, நான்தான் கழுவி வுட்டேன்." சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டுப் பக்கம் போய்வந்தால் நாயின் பாதமெல்லாம் மாவு பூசினாற்போல் ஆகிவிடும். அதைக் கழுவ வேண்டும் என்பதற்காகவே அண்ணி எழுந்து நடமாடினார். அதற்குச் சோறு போடும்போது தானும் சாப்பிட்டார். நாங்கள் சொல்லாமலே குளித்துப் பவுடர் போட்டு உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு. "அக்கா தேறிடுவாங்க பாரு" என்று டேனியல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார். தேறாது என்று டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் ஆமாம் என்றேன்.

அண்ணியின் முந்தானை ஓரங்கள் மட்டும் கிழிந்துகொண்டே இருந்தன. நாய்க்கு விளையாட்டுப் புத்தி என்று நினைத்தோம். டேனியல் அதை ஒரு தடவை செய்தித்தாளைச் சுருட்டி அடித்தார்.

இந்த நிலையில்தான் கஸ்தூரியின் போன் வந்தது.

பிளாட்பாரத்தில்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. அண்ணி பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார், ரவிக்கை மட்டும் வேறு நிறம். பள்ளிக்குக் கொண்டுபோகிற பழைய தோல் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். முந்தானை பாதிவரை கிழிந்து தொங்கியது. நாய் அவர் பாதத்தின் மேலேயே படுத்திருந்தது.

"அண்ணி, எங்க கிளம்பினீங்க?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் யார் என்று தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். "எல்லாரும் போறீங்க. நான் மட்டும் வூட்ல இன்னா பண்றது?" என்றார்.

டேனியல் அதைக் காதில் வாங்கவே இல்லை. நாயைக் காலால் தள்ளினார். "சனியனே, எங்க பின்னாடி ஓடியாந்து அக்காவயும் இஸ்துகினு வந்துட்டியா?" என்று கத்தினார். அன்று பகலே கயிறு வாங்கிவந்து பின்வாசலில் கட்டிப்போட்டார். வருகிற ஞாயிறு நாராயணப்பாவிடம் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவானது. நானும் சரி என்றேன். நாய் எங்களைத் தொடர்ந்து ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறது, அதைத் தொடர்ந்து அண்ணி வந்திருக்கிறார். வேறு எப்படி நினைப்பது?

அந்த வாரம் ஆளுக்கு இரண்டு நாள் லீவு எடுத்து அண்ணியோடு இருந்தோம். கட்டிய நாய் சாப்பிடவில்லை. அண்ணி உள்ளேயிருந்து பெயர் பெயராகக் கூப்பிட்டார். அது கயிற்றின் நுனிவரை வந்து நிற்கும்.

கஸ்தூரி சொன்னது

சனிக்கிழமை கஸ்தூரிக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று கடைக்குப் போனேன். நாயைத் திருப்பிக் கொடுக்கப்போகிறோம் என்றதும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க்கா? அது இன்னா பண்ணுச்சி?"

"அதாலதானே அண்ணி இங்க வந்தாங்க?"

"ஐயோ அக்கா, நாய் முன்னாடி வரல. டீச்சரம்மாதான் முன்னாடி வந்தாங்க. அது முந்தானைய கவ்விகினு பின்னால இஸ்துகினே வந்துச்சி. இதுக்கு முன்னாடியும் ஸ்டேஷன் கேட்டு வரைக்கும் வந்துருக்காங்க. நாய் இஸ்தா திரும்பிப் பூடுவாங்க. வாக்கிங் வராங்கன்னு நெனச்சிகினு இருந்தேன். அன்னிக்கு அது இஸ்தும் நிக்கல. வண்டி போனப்புறம் தண்டவாளத்துல எறங்கப் பாத்தாங்க. அது கொலச்ச கொலைப்பைக் கேட்டுத்தான் நான் ஓடியாந்து புடிச்சேன்."

அவள் கொடுத்த டீயைக் குடித்தேனா என்பதுகூட ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்து டேனியலிடம் சொன்னேன். அவர் எழுந்து பின்வாசலுக்குப் போனார். முடிச்சு இறுகிப்போயிருந்தது, அவிழ்க்க வரவில்லை. கத்தி எடுத்து அறுத்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நாய் அவரைத் தாண்டி நேரே அண்ணி அறைக்கு ஓடியது.

சந்தோஷப்பட வேண்டிய செய்திதானே என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றலாம். நல்ல நாய்தான் கிடைத்திருக்கிறது, சரியாகத்தான் பொறுக்கியிருக்கிறோம். ஆனால் தப்பு நாயின் மேல் இருந்திருந்தால் வேறு நாயைப் பார்த்திருக்கலாம். இப்போது மாற்றுவதற்கு எதுவும் இல்லை. எத்தனை நாளாகவோ அண்ணி வீட்டைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கிறார், ஒரு நாய் தன்னால் முடிந்தவரை இழுத்துப் பிடித்திருக்கிறது. இனி அதன் பல்லுக்கும் மிஞ்சிப்போய்விட்டது. எனக்கு அன்று வந்த அழுகையை நான் யாருக்காக அழுதேன் என்று தெரியவில்லை.

யாராவது வேலையை விடுவது என்று பேசினோம். அண்ணியின் வைத்தியத்துக்கான இன்சூரன்ஸ் என் வேலையோடு ஒட்டியது. டேனியலுடையது கான்ட்ராக்ட் வேலை, விட்டால் திரும்பக் கிடைக்காது. ஜெஃப்ரி "நான் விடறேன்" என்றான். அவன் அப்பா அவனைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு நின்றது. வெளியே பூட்டிவிட்டுப் போகலாமா என்று நான்தான் கேட்டேன். "எங்க அக்காவ பூட்டி வெக்கச் சொல்றியா?" என்றார் டேனியல்.

ஒரு இல்லம்

பெங்களூரில் சிஸ்டர்கள் நடத்துகிற ஒரு முதியோர் இல்லத்தைப் பற்றிச் சொன்னதும் எங்கள் ரயில் பெட்டிதான். நானும் டேனியலும் போய்ப் பார்த்தோம். சுத்தமான இடம். வராந்தாவில் நாற்காலி போட்டுச் சிலர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். பொறுப்பில் இருந்த சிஸ்டர் மென்மையாகப் பேசினார்.

"அவங்களே சாப்பிடுவாங்களா? ராத்திரியில சத்தம் போடுவாங்களா? பாத்ரூம் போகணும்னா சொல்லுவாங்களா? மத்தவங்கள அடிக்கறது, கடிக்கறது உண்டா? வெளிய போயிடற பழக்கம் இருக்கா?"

கேட்டே ஆக வேண்டிய கேள்விகள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும்போது எனக்குப் பேத்தமங்களாவில் நான் நின்ற நிற்பு ஞாபகம் வந்தது. டேனியலுக்கும் வந்திருக்க வேண்டும். அவர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

"அவங்களோட ஒரு நாய் இருக்கு சிஸ்டர்" என்றேன்.

சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இங்க வைக்க முடியாதும்மா. கீழ விழுந்துடுவாங்க, இன்ஃபெக்‌ஷன் வரும். மன்னிச்சிக்கோங்க" என்றார். அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை.

கவுண்டர்

அண்ணியை அந்த இல்லத்தில் கொண்டுபோய் விடுகிற நாள் ஒரு வெயில் நாள். கார் வைத்துப் போகலாம் என்றான் ஜெஃப்ரி. டேனியல் கேட்கவில்லை. "எல்லாரும் போறீங்கன்னு கேட்டாங்க இல்ல, அவங்களும் ஒருவாட்டி ரயில்ல வரட்டும்" என்றார். கூட்டம் குறைந்த பகல் வண்டியில் போவதாக முடிவு செய்தோம்.

அண்ணி காலையிலிருந்தே உற்சாகமாக இருந்தார். நான் கட்டிவிட்ட புடவையைத் தடவித் தடவிப் பார்த்தார். கிளம்பும்போது நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினோம். அண்ணி வெளியே இருக்கிறார், நாய் உள்ளே இருக்கிறது. அது வந்ததிலிருந்து அப்படி நடந்ததே இல்லை. உள்ளே கதவைப் பிராண்டுகிற சத்தம் லைன் முனைவரை கேட்டது. அண்ணி இரண்டு தடவை நின்று திரும்பிப் பார்த்தார். டேனியல் அவர் தோளில் கைபோட்டு நடத்திக்கொண்டு வந்தார்.

ஸ்டேஷனில் எங்கள் இருவருக்கும் சீசன் டிக்கெட் இருந்தது. அண்ணிக்கு மட்டும்தான் எடுக்க வேண்டும். கவுண்டரில் டேனியல் குனிந்து, "பெங்களூரு, ஒண்ணு" என்றார். உள்ளே இருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"போறதுக்கு மட்டுமா, ரிட்டர்னா?"

டேனியல் வாயைத் திறந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அண்ணி கையிலிருந்த தோல் பையைப் பார்த்தேன். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

அண்ணி எங்கள் இருவரையும் ஒதுக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். வகுப்பில் பேசுகிற அதே குரலில், கணீரென்று சொன்னார்.

"ரிட்டர்ன்தான் குடுப்பா. வூட்ல நாய் தனியா கீது இல்ல?"

கவுண்டர்காரர் ரிட்டர்னே அடித்துக் கொடுத்தார். அண்ணி அதை வாங்கி, இரண்டாக மடித்து, தோல் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.